படிகளும் நீரும்: மென்பொருள் சிந்தசைசரில் கமகம் தேடி



டோபி காட் என்ற பெயரின் பொருளை என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? 'தோபி' என்றால் சலவைத் தொழிலாளி. 'காட்' என்றால் படித்துறை. இன்று மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் இந்த இடத்தில் அன்று ஓர் ஓடை ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் துணி துவைத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தினார்கள். அந்த ஓடை இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகக் கான்கிரீட்டுக்குள் அடங்கிவிட்டது. படித்துறை போய் மின்படிகள் வந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜொகூரில் உள்ள எங்கள் வீட்டுக்குப் புறப்படும்போது, டோபி காட்டில் இறங்கித்தான் வடக்குத் தெற்குத் தடத்துக்கு மாறுவேன். கடந்த ஓராண்டாக அந்த நீண்ட நடைபாதையில் நான் கேட்டுக்கொண்டு போவது இரண்டே ஒலிப்பதிவுகள். ஒன்று, என் தாத்தா வாசித்த தோடி ராக ஆலாபனையின் சிறு பகுதி. மற்றொன்று, அதே பகுதியை என் மடிக்கணினியில் உருவாக்க நான் செய்த முயற்சி. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் என்ன, அதை எப்படிக் குறைக்கலாம் என்பதே இக்கட்டுரை.

பாட்டி சொன்ன குறை

என் தாத்தா தோட்டத்துக் கோயிலில் நாயனம் வாசித்தவர். பகலில் பால்மரம் வெட்டுவார். திருவிழா என்றால் நாதஸ்வரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் மறைந்த பிறகு எங்கள் பக்கத்தில் அக்கலையைத் தொடர ஆளில்லை. ஒரு திருவிழாவில், கோயிலில் கீபோர்டு ஒன்றை வைத்து, 'நாதஸ்வரம்' என்று பெயரிட்ட ஒலியைத் தேர்ந்தெடுத்து வாசித்தார்கள். எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டி மட்டும் முகத்தைச் சுளித்தார்.

“சத்தம் நாயனம் மாதிரிதாண்டா இருக்கு. ஆனா நின்னு நின்னு போவுது. உங்க தாத்தா வாசிச்சா ஆடும்” என்றார்.

பாட்டி இசை படித்தவர் அல்லர். ஆனால், சிந்தசைசர் பற்றி நான் பின்னர் படித்தவை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதப்பட்ட உரையாகவே எனக்குத் தோன்றின. ஓர் ஒலிக்கு நிறம் உண்டு, நடையும் உண்டு. நாதஸ்வரமா, வீணையா, புல்லாங்குழலா என்று நமக்குச் சொல்வது நிறம். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அது எப்படிப் போகிறது என்பது நடை. சிந்தசைசர் இரண்டையும் தரக்கூடியது. நாமோ நிறத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, நடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

சிந்தசைசர் எப்படி வேலை செய்கிறது?

சிந்தசைசரைத் தமிழில் ஒலித்தொகுப்பி எனலாம். எல்லாரும் அறிந்த பெயர் என்பதால் சிந்தசைசர் என்றே எழுதுகிறேன். இதில் நான்கு உறுப்புகளைப் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, அலையாக்கி. இதுதான் அடிப்படை ஒலியைப் பிறப்பிக்கிறது. நொடிக்கு 440 முறை அதிர்ந்தால் மேற்கத்திய இசையின் 'ஏ' என்ற சுரம் கிடைக்கும். அலையின் வடிவம் மாறினால் ஒலியின் நிறமும் மாறும். ரம்பப் பல் போன்ற அலையில், அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என எல்லா மடங்குகளும் கலந்திருக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே இருக்கும். நாதஸ்வரம் கூம்பு வடிவக் குழல். எல்லா மடங்குகளும் அதில் ஒலிக்கும். ஆகவே நாதஸ்வர ஒலியை உருவாக்க விரும்புபவர் ரம்ப அலையிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

இரண்டாவது, வடிகட்டி. அலையாக்கி தரும் ஒலி கரடுமுரடாக இருக்கும். மேல் அதிர்வெண்களை வடிகட்டி குறைத்து அதை இதமாக்குகிறது. சிற்பி கல்லைச் செதுக்குவது போல, வேண்டாததை நீக்கி வேண்டியதை வைத்துக்கொள்ளும் முறை இது.

மூன்றாவது, உறை. கட்டையை அழுத்தியதும் ஒலி எவ்வளவு விரைவாக எழ வேண்டும், எழுந்த பின் எவ்வளவு நேரத்தில் தணிய வேண்டும், எந்த அளவில் நிலைக்க வேண்டும், விரலை எடுத்ததும் எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்ற நான்கையும் இது முடிவு செய்கிறது. வீணையில் ஒலி சட்டென எழுந்து மெல்லத் தேயும். நாதஸ்வரத்தில் மூச்சு உள்ளவரை நிலைத்திருக்கும்.

நான்காவது, அசைவாக்கி. இது தானே ஒலிக்காது. மற்ற உறுப்புகளை அசைக்கும். சுரத்தை மேலும் கீழும் ஆட்டலாம், வடிகட்டியைத் திறந்து மூடலாம், ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். பாட்டி கேட்ட ஆட்டம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இந்த உறுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் இதனிடமே திரும்பி வருவோம்.

பெட்டியிலிருந்து மென்பொருளுக்கு

ஒரு காலத்தில் இவ்வுறுப்புகள் எல்லாம் மின்சுற்றுகளாகப் பெரிய பெட்டிகளுக்குள் இருந்தன. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரம். அந்தக் காலத்துக் கதையிலும் சிங்கப்பூருக்கு ஓர் இடம் உண்டு. மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சிறு கருவியைச் சிங்கப்பூரில் வாங்கிச் சென்றார். அதனுடன் டிஆர்-808 தாளக் கருவியையும் ஜூபிட்டர்-8 சிந்தசைசரையும் சேர்த்து, 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது உலகமே வியந்தது. பின்னாளில் சிகாகோ நகரில் பிறந்த 'ஆசிட் ஹவுஸ்' இசையை அது அவ்வளவு ஒத்திருந்தது. டிபி-303 கருவியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. ராகம் வாசிக்க நினைத்தவருக்கு அந்த வழுக்கல் எவ்வளவு உதவியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

அடுத்த திருப்பம் 1983-இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7. இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சௌனிங். 1967-இல் அவர் கணினியில் சுர அசைவைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். ஒரு சுரத்தை நொடிக்கு ஐந்தாறு முறை ஆட்டினால் ஆட்டமாகவே கேட்கும். அசைவை மேலும் மேலும் விரைவாக்கி, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஆட்டியபோது ஆட்டம் மறைந்தது. புதியதொரு ஒலிநிறம் பிறந்தது! அசைவும் நிறமும் வேறு வேறு உலகங்கள் அல்ல, வேகம்தான் அவற்றைப் பிரிக்கிறது என்பதை இது காட்டுகிறது. கமகத்தைப் பற்றிச் சிந்திக்கும் நமக்கு இது மிகவும் சுவையான செய்தி அல்லவா?

தமிழ்த் திரையிசையில் கணினி இசை என்ற பேச்சு பரவியது 1986-இல் வெளிவந்த, இளையராஜா இசையமைத்த 'புன்னகை மன்னன்' படத்தோடுதான். 1992-இல் 'ரோஜா' வந்தபோது, வீட்டோடு அமைந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் அமர்ந்து சிந்தசைசரையும் கணினியையும் கொண்டு என்ன செய்யலாம் என்பதை ஏ.ஆர். ரஹ்மான் காட்டிவிட்டார்.

கணினியே இசைக்கருவியாக மாறியதில் சிங்கப்பூரின் பங்கு பெரிது. சிம் வோங் ஹூ 1981-இல் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. அதற்கு முன் சாதாரணக் கணினி 'பீப்' என்று கத்துவதோடு சரி. சவுண்ட் பிளாஸ்டரில் யமஹாவின் சில்லு இருந்தது. சௌனிங் கண்டுபிடித்த அதே முறையின் எளிய வடிவம். டிஎக்ஸ்7-இல் ஒவ்வொரு சுரத்துக்கும் ஆறு அலையாக்கிகள் என்றால், இதில் இரண்டு. நம் அண்ணன்மாரும் அக்காமாரும் விளையாடிய பழைய கணினி விளையாட்டுகளின் இசை, இந்த இரண்டு அலையாக்கிகளின் இசைதான். சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார்.

பின்னர் கணினிகள் வேகம் பெற்றன. மின்சுற்று செய்த வேலையைக் கணக்காகவே செய்துவிடலாம் என்ற நிலை வந்தது. 1996-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற முறையை அறிமுகப்படுத்தியது. 1999-இல் அதன் அடுத்த பதிப்பு, மென்பொருள் இசைக்கருவிகளையும் ஒரே திரைக்குள் கொண்டுவந்தது. இடையில் 1997-இல், சுவீடனின் புரோப்பெல்லர்ஹெட் நிறுவனம் 'ரீபர்த்' என்ற மென்பொருளை வெளியிட்டது. அது சரண்ஜித் சிங் கையாண்ட அதே டிபி-303, டிஆர்-808 கருவிகளின் கணினி வடிவம்.

இன்று நிலைமை இன்னும் மாறிவிட்டது. 'சர்ஜ்' என்ற சிந்தசைசர் முதலில் விற்பனைக்கு வந்தது, 2018-இல் திறமூலமாக்கப்பட்டது. இப்போது 'சர்ஜ் எக்ஸ்டி' என்ற பெயரில் தன்னார்வலர்கள் அதை வளர்க்கிறார்கள். 'டெக்ஸ்ட்' என்ற மென்பொருள் டிஎக்ஸ்7-ஐ அப்படியே கணினியில் தருகிறது. 2020-இல் வந்த 'வைட்டல்' மென்பொருளுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் மாணவனும் உலகத்தரமான சிந்தசைசரை ஒரு காசு கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பாட்டியின் குறை ஏன் இன்னும் தீரவில்லை?

குறை எங்கே இருக்கிறது?

கீபோர்டும் கணினியும் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழிக்கு மிடி என்று பெயர். 1983-இல் டேவ் ஸ்மித், இகுதாரோ காகேஹாஷி ஆகியோரின் முயற்சியால், போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி ஏற்றுக்கொண்ட பொதுமொழி இது. இம்மொழியில் ஒரு சுரம் என்பது அடிப்படையில் இரண்டு செய்திகள்: 'இந்தக் கட்டை அழுத்தப்பட்டது', 'இந்தக் கட்டை விடப்பட்டது'. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள். அறுபதாம் கட்டைக்கும் அறுபத்தொன்றாம் கட்டைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? மொழியின் இந்தப் பகுதியில் அதற்குச் சொல்லே இல்லை.

டோபி காட்டின் பழைய படித்துறையை எண்ணிக்கொள்ளுங்கள். பியானோவின் கட்டைகள் படிகள். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு படிகள். ஒவ்வொன்றும் சம உயரம். இசைக் கணக்கில் ஒரு படியின் உயரத்தை 100 சென்ட் என்பார்கள். மேற்கத்திய இசை பெரும்பாலும் படிகளில் நின்று எழுப்பிய கட்டடம். அதன் அழகு வேறு வகை. நம் ராகமோ படிகளைத் தொட்டும் தொடாமலும் ஓடும் நீர். தோடியை எடுத்துக்கொள்வோம். அதன் காந்தாரத்தை யாரும் அப்படியே நிறுத்திப் பாடுவதில்லை. கீழே ரிஷபத்துக்கும் மேலே மத்திமத்துக்கும் இடையே அது ஊசலாடுகிறது. கம்பிதம் என்று சொல்லப்படும் கமகம் இது. கட்டையில் காந்தாரத்தை அழுத்தி நிறுத்தினால் சுரம் சரியாக இருக்கும்; ஆனால் தோடி வராது. பாட்டி சொன்ன 'நின்னு நின்னு போவுது' இதுதான்.

மிடி மொழியை உருவாக்கியவர்கள் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. கீபோர்டின் இடப்புறத்தில் ஒரு சக்கரம் இருக்கும். அதைத் தள்ளினால் சுரம் மேலே வளையும், இழுத்தால் கீழே வளையும். இந்த வளைவுக்கு மிடி தரும் அளவுகள் 16,384. வழக்கமான அமைப்பில் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம், ஆக 400 சென்ட். வகுத்துப் பார்த்தால் ஒரு சென்ட்டை நாற்பது பங்காகப் பிரிக்கும் நுட்பம் கிடைக்கிறது. எந்த மனிதச் செவிக்கும் இது போதும். மேலும் ஒரு வியப்பு: தோடியின் காந்தாரத்திலிருந்து ரிஷபம் இரண்டு அரைச்சுரம் கீழே, மத்திமம் இரண்டு அரைச்சுரம் மேலே. பாட்டி கேட்ட ஆட்டம் முழுவதும் அந்தச் சிறிய சக்கரத்தின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது!

ஆகவே குறை கருவியின் நுட்பத்தில் இல்லை. அதை ஆட்டும் கையில்தான் இருக்கிறது. சென்னையின் கே. சத்தியநாராயணன் இதற்குச் சான்று. வலக்கை கட்டைகளில் ஓட, இடக்கை சக்கரத்தை ஓயாமல் அசைக்க, கீபோர்டிலேயே முழுக் கர்நாடக இசைக் கச்சேரி செய்பவர் அவர். ஆனால் அந்த இடக்கைக்குப் பின்னால் பல்லாண்டுப் பயிற்சி இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு வேறு வழி உண்டா?

சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வு

இக்கேள்வியோடு தேடியபோது, விடை நம் வாசலிலேயே இருந்ததைக் கண்டேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்ரமணியன் என்பவர், கர்நாடக இசையின் கமகங்களைக் கணினியில் எப்படி உருவாக்குவது என்பதையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்து, 2013-இல் ஆய்வேட்டை அளித்திருக்கிறார்.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எளிமையானது போலத் தோன்றும். நம் இசைப் புத்தகங்களில் 'ஸ ரி க ம' என்று எழுத்துகள்தான் இருக்கின்றன. பாடகர் அதைப் பார்த்து உரிய கமகங்களோடு பாடிவிடுகிறார். எழுத்தில் இல்லாத அந்தக் கமகங்களைக் கணினி எங்கிருந்து பெறும்? இதற்காகச் சஹானா ராகத்தில் அமைந்த 'கருணிம்ப' வர்ணத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கமகத்தையும் பகுத்துப் பார்த்தார்.

கமகம் என்ற வளைகோட்டை அவர் சில முனைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு முனைக்கும் நான்கு தகவல்கள்: எந்தச் சுரநிலை, அதை அடைய எவ்வளவு நேரம், அதில் நிற்க எவ்வளவு நேரம், அதைவிட்டு நீங்க எவ்வளவு நேரம். சிந்தசைசரின் 'உறை' பற்றி முன்பு பார்த்தோமே, ஏறக்குறைய அதே எண்ணம்தான். ஒலியின் அளவுக்குப் பயன்பட்ட கருத்து இங்கே சுரத்தின் அசைவுக்குப் பயன்படுகிறது. அடுத்து, கமகத்தை இரண்டு பகுதிகளின் கூட்டலாகவும் அவர் காட்டினார். ஒன்றுக்கு 'மேடை' என்றும் மற்றொன்றுக்கு 'நடனம்' என்றும் பொருள்படப் பெயரிட்டார். மெதுவாக இடம் மாறும் சுரநிலை மேடை. அதன்மேல் நிகழும் விரைவான ஆட்டம் நடனம்.

2011-இல் லான்ஸ் வைஸ், கெவின் மெக்கீ ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை மற்றொரு கேள்வியை ஆராய்ந்தது. ஒரு வர்ணத்தை முதல் காலத்தில் வாசித்துவிட்டு, இரண்டாம் காலத்தில் வாசிக்கும்போது வேகம் இரட்டிக்கிறது. அப்படியானால் ஒலிப்பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் போதுமா? போதாது. அசைவின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டாம் காலத்தில் கலைஞர் சில அசைவுகளைக் கைவிடுகிறார், சிலவற்றைச் சுருக்குகிறார், ராகத்தின் முகம் மாறாதபடி முக்கியமானவற்றைக் காப்பாற்றுகிறார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது அவர் விரல்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆய்வாளர் அதை விதிகளாக எழுத முயன்றார். குருவின் அருகில் அமர்ந்து கற்கும் கலைக்குள் எவ்வளவு கணக்கு மறைந்து கிடக்கிறது என்பதை எண்ணி நான் வியந்தேன்.

உலகம் நம் பக்கம் வருகிறது

இதே குறையை மேற்கிலும் சிலர் உணர்ந்திருந்தார்கள். அமெரிக்காவின் லிப்போல்ட் ஹாக்கன் 'கண்டினியம்' என்ற கருவியை உருவாக்கினார். அதில் கட்டைகளே இல்லை. மெத்தை போன்ற நீண்ட பரப்பில் விரலை வழுக்கி வாசிக்கலாம். 2009-இல் வெளிவந்த 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் ஏ.ஆர். ரஹ்மான் இதை வாசித்திருக்கிறார். லண்டனில் ரோலண்ட் லாம்ப் உருவாக்கிய 'சீபோர்டு' மற்றொரு முயற்சி. அதில் கட்டைகள் ரப்பர் அலைகளைப் போல மென்மையானவை.

இத்தகைய கருவிகளுக்காக மிடி மொழியும் வளர்ந்தது. பழைய முறையில் சக்கரத்தைத் திருப்பினால் ஒலித்துக்கொண்டிருக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்து வளையும். 2018-இல் ஏற்கப்பட்ட எம்பிஇ என்ற முறையில், ஒவ்வொரு விரலின் சுரமும் தனித்தனியே வளையலாம், தனித்தனியே அழுத்தம் பெறலாம், தனித்தனியே நிறம் மாறலாம். சர்ஜ், வைட்டல் ஆகிய இரண்டும் இம்முறையை ஏற்கின்றன.

நான் செய்து பார்த்தது

கண்டினியம் வாங்க எனக்கு வசதியில்லை. என்னிடம் இருந்தவை ஒரு மடிக்கணினியும், பயன்படுத்தப்பட்ட ஒரு சிறு கீபோர்டும், தாத்தாவின் ஒரே ஓர் ஒலிநாடாவும்தான். நீங்களும் செய்து பார்க்கலாம் என்பதால் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றினேன். தவில் சேராத, நாயனம் தனியே ஒலிக்கும் சில நொடிகளை வெட்டி எடுத்துக்கொண்டேன். 'சோனிக் விஷுவலைசர்' என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தால், சுரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டும். தாத்தாவின் தோடியைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். அது மலைத்தொடர் போல இருந்தது. எங்கும் சமதளமே இல்லை.

அடுத்து ஆதார சுருதி. தாத்தாவின் நாயனம் இரண்டரைக் கட்டை என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் நாடாவில் அது சற்றுக் கீழே ஒலித்தது. பழைய நாடாக்கள் சரியான வேகத்தில் ஓடுவதில்லை. எனவே சர்ஜின் மொத்தச் சுருதியையும் நாடாவுக்கு ஏற்பக் கொஞ்சம் இறக்கினேன். இரண்டரைக் கட்டையில் ரிஷபம் சுமார் 330, காந்தாரம் 370, மத்திமம் 415 ஹெர்ட்ஸ். இந்த மூன்று எண்களுக்குள்தான் என் ஓராண்டு உழைப்பும் அடக்கம்!

பிறகு ஒலியின் நிறம். ரம்ப அலை, அதன்மேல் வடிகட்டி. தொடக்கத்தில் மட்டும் ஒரு நொடியின் சிறு பங்குக்கு இரைச்சலைச் சேர்த்தேன். சீவாளியில் மூச்சு படும்போது எழும் ஒலி அதனால் ஓரளவு கிடைத்தது. ஒற்றைக்குரல் முறையைத் தேர்ந்தெடுத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது ஒலி புதிதாக எழாமல் தொடரும்படி அமைத்தேன்.

கடைசியில் நடை. இங்கேதான் பெரிய தவறு செய்தேன். அசைவாக்கியை எடுத்துச் சீரான அலையைக் கொடுத்து, காந்தாரத்தை மேலும் கீழும் ஆட்டினேன். ஆம்புலன்ஸ் வண்டி போல ஒலித்தது! என் அறைத்தோழன் சிரித்தே விட்டான். கமகம் சீரான ஆட்டம் அல்ல. தாத்தாவின் கோட்டை மறுபடி பார்த்தேன். முதல் அசைவு நீளம்; அடுத்தவை குறுகிக்கொண்டே போகின்றன. மேலே மத்திமத்தைத் தொட்டதும் கோடு கூர்மையாகத் திரும்புகிறது. கீழே ரிஷபத்தில் சற்று இளைப்பாறுகிறது. எந்த இரண்டு அசைவுகளும் ஒன்றுபோல் இல்லை.

சர்ஜில் அசைவின் வடிவத்தை நாமே புள்ளி புள்ளியாக வரையும் வசதி உண்டு; வைட்டலிலும் உண்டு. தாத்தாவின் கோட்டைப் பார்த்துப் பார்த்து, ஆய்வேட்டில் படித்தபடி ஒவ்வொரு முனைக்கும் அடைதல், நிற்றல், நீங்கல் என்று நேரம் கொடுத்து வரைந்தேன். அதோடு வடிகட்டியும் அந்தக் கோட்டைப் பின்பற்றி மிகச் சிறிதளவு திறந்து மூடும்படி இணைத்தேன். சுரம் மேலே ஏறும்போது நாயனத்தின் ஒலி சற்றுப் பளிச்சிடும் அல்லவா? நான்கு நொடி இசைக்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. தாத்தாவுக்கு அது நான்கு நொடிதான்.

எதற்காக இத்தனை பாடு?

நாதஸ்வரக் கலைஞருக்குப் பதிலாகக் கோயிலில் மடிக்கணினியை வைக்கலாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் மென்பொருள் ஒரே ஒரு பிடியைத்தான் வாசிக்கும். அடுத்த பிடி என்ன என்று அதற்குத் தெரியாது. தவில்காரரின் முகத்தைப் பார்த்து முடிப்பை மாற்ற அதற்கு வராது. கற்பனை மனிதனுக்கே உரியது.

ஆனால் மூன்று வாரம் ஒரு காந்தாரத்தோடு மல்லுக்கட்டிய பிறகு என் காது மாறிவிட்டது. இப்போது சிராங்கூன் சாலையில் நடக்கும்போது கோயிலிலிருந்து நாதஸ்வர ஒலி கேட்டால், முன்பு போல அதைப் பின்னணி ஒலியாகக் கடந்து போக முடியவில்லை. எந்தச் சுரம் எங்கே அசைகிறது என்று நின்று கேட்கிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளும் தாத்தா என் பக்கத்திலேயே இருந்தார், அப்போது கேட்கவில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு பாட்டு என்றால் கைப்பேசியில் வருவதுதான் என்றாகிவிட்டது. எனக்குக் கற்றுக்கொடுக்கத் தாத்தா இல்லாதபோது, அவருடைய மாணவனாக என்னை அமர வைத்தது இந்த மென்பொருள்தான்.

வாசகர்களே, உங்கள் வீடுகளிலும் இப்படி ஒலிநாடாக்கள் இருக்கக்கூடும். அத்தை பாடிய தாலாட்டு, பெரியப்பா பாடிய தேவாரம், தோட்டத்துக் கோயிலின் உறுமி மேளம். ஒலிநாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. முதலில் அவற்றைக் கணினிக்கு மாற்றுங்கள். பிறகு ஒரே ஒரு பிடியை எடுத்து, இலவச சிந்தசைசர் ஒன்றில் உருவாக்கிப் பாருங்கள். தோற்றுப் போவீர்கள், நானும் தோற்றேன். எங்கே தோற்றோம் என்று தேடும்போதுதான் நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பது புரியும்.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது, என் நான்கு நொடியைப் பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை கேட்டார்.

“முன்னைக்கு இப்ப கொஞ்சம் ஆடுதுடா” என்றார். நான் மகிழ்ந்து முடிப்பதற்குள், “ஆனா, மூச்சே வாங்கலையே?” என்றார்.

அந்த வாரம் சிங்கப்பூருக்குத் திரும்பும் வழியில், டோபி காட் நடைபாதையில் தாத்தாவின் பதிவை மறுபடி கேட்டேன். உண்மைதான். ஒவ்வொரு பிடிக்கும் முன்னால், அவர் மூச்சை உள்ளிழுக்கும் மெல்லிய ஒலி அதில் இருக்கிறது. ஓராண்டாகக் கேட்டும் அதை நான் கவனிக்கவில்லை. இப்போது அதைச் சேர்க்கும் வேலையில் இருக்கிறேன்.